பத்தாவது மதிப்பெண்

ஜூலை 2, திங்கள்

பதினோராம் கட்டிலில் இருந்த பெரியவரை நேற்று மாலை நான்கு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று காலை அந்தக் கட்டிலின் குறிப்பேட்டில் என் மாணவி ஒருத்தியின் குண்டு எழுத்தில் இப்படி இருந்தது: "நோயாளி இரவு நன்றாகத் தூங்கினார். வேறு புகார் இல்லை."

காலிக் கட்டில் நன்றாகத் தூங்கியிருக்கிறது. அதற்குப் புகாரும் இல்லையாம்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அதை வாய்விட்டுப் படித்தார். வார்டே சிரித்தது. மேட்ரன் அற்புதமணி மட்டும் சிரிக்காமல் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, பிள்ளேள் எழுதுத லெச்சணத்தப் பாத்தீங்கள்லா. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதியிலேருந்து அச்சடிச்ச படிவம் போடப் போறேன். தூக்கம், ஆம், இல்லை. வலி, ஆம், இல்லை. டிக் அடிச்சாப் போதும். ஒரு வரி எழுத வேண்டாம்."

"அப்படியே கட்டில்ல ஆள் இருக்கா, ஆம், இல்லைன்னும் ஒரு கட்டம் போட்டுக்கோ" என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்தது. வரட்டும். இந்த நர்சிங் பள்ளியில் இருபத்தாறு வருஷமாகக் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுப்பவள் நான். ஞானசௌந்தரியிடம் படித்தவள் என்றால் மதுரை வரைக்கும் வேறு கேள்வி கேட்காமல் வேலைக்கு எடுப்பார்கள். அற்புதமணியே என்னிடம் படித்தவள்தான். கட்டம் கட்டமாக டிக் அடிக்கவா நான் இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன்? இந்த மாதம் முடிவதற்குள் இந்த இருபத்திரண்டு பேரையும் எழுதவைத்துக் காட்டுகிறேன், அதுவரை படிவத்தைத் தொடாதே என்றேன். சரி என்றாள்.

எழுதியவள் முப்பிடாதி. இரண்டாம் ஆண்டு. கடையநல்லூர்ப் பக்கம். வகுப்பு நடுவில் நிற்கவைத்துக் கேட்டேன்.

"கட்டில்ல ஆளே இல்ல. யாரு தூங்குனதப் பாத்த?"

"யாரையும் பாக்கல மேடம். முந்தின ஷிப்ட்ல என்ன எழுதியிருக்கோ அதத்தான் எல்லாரும் பாத்து எழுதுவோம்."

மற்றவர்கள் அவளை முறைத்தார்கள். அவள் தலையை நிமிர்த்தவில்லை. பொய்யும் சொல்லவில்லை. இருந்தாலும் நன்றாகத் திட்டினேன்.

ஜூலை 3, செவ்வாய்

வகுப்பறைச் சுவரில் ஒரு அட்டை ஒட்டினேன். இந்த மாதம் முழுவதும் யாரும் எழுதக்கூடாத சொற்கள்: நன்றாக, சற்று, பரவாயில்லை, வழக்கம்போல், ஒரு மாதிரி, ஒன்றுமில்லை. இவையெல்லாம் தலையணைகள். குறிப்பு எழுதுகிறவள் இவற்றில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, அளந்தது, எண்ணியது, இவ்வளவுதான் குறிப்பில் வரலாம். கருத்து வரக்கூடாது.

ரெஜினா எழுந்தாள். வாய் மூடாத பிள்ளை. "மேடம், நீங்க ஒம்பதுக்கு மேல மார்க்கே போட மாட்டீங்கன்னு சீனியர் அக்காமாரு சொல்லுதாங்க. நெசமா?"

"நெசந்தான். பத்தாவது மார்க் என் கையில இல்ல. அது நோயாளி போட வேண்டியது. நீ எழுதுனதால அவருக்கு ஆக வேண்டியது ஆச்சுன்னா அவரே போடுவாரு."

"இதுவரைக்கும் யாராவது போட்டிருக்காங்களா?"

"நோயாளிகிட்ட குறிப்பேட்டப் படிக்கவா கொடுக்கோம்? உக்காரு."

ஜூலை 4, புதன்

ஸ்டோர் அறையில் பழைய குறிப்பேடுகளை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது இரும்பு அலமாரிக் கதவின் முனை தலையில் இடித்தது. வலது பக்கம், காதுக்கு மேலே நான்கு விரல் தள்ளி. ரத்தம் இல்லை. வீக்கம் சுண்டைக்காய் அளவு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவள் என்பதால் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தேன். உதவிக்கு வந்திருந்த முப்பிடாதி ஓடிப்போய் ஐஸ் கொண்டுவந்தாள். "உக்காருங்க மேடம்" என்று அதட்டினாள் வேறு. பத்து நிமிஷத்தில் எல்லாம் சரி.

பழைய குறிப்பேடுகளில் அற்புதமணி மாணவியாக இருந்தபோது எழுதியது கிடைத்தது. "நோயாளி ஒரு மாதிரி இருக்கிறார்." சிவப்பு மையில் கீழே நான் எழுதியிருக்கிறேன்: எந்த மாதிரி? எடுத்து வைத்திருக்கிறேன். சமயம் வரும்.

ஜூலை 9, திங்கள்

இன்று வரையறை. நாற்காலி என்றால் என்ன என்று கேட்டேன். உட்காருவது என்றார்கள். படியிலும்தான் உட்காருகிறோம். நான்கு கால் உள்ளது என்றார்கள். ஆட்டுக்கும் நான்கு கால். அரை மணி நேரம் போராடி, ஒருவர் உட்காருவதற்காகச் செய்த, முதுகு சாய இடமுள்ள இருக்கை என்று வந்து நின்றோம்.

"அப்போ வீல்சேர் நாற்காலியா மேடம்?" என்றாள் ரெஜினா. அது வண்டி என்றேன். இல்லை நாற்காலிதான் என்று சண்டைக்கு நின்றாள். மணி அடித்துவிட்டது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அதன் பிறகு மயக்கம். நம் சனங்கள் தலை சுற்றினாலும் மயக்கம் என்பார்கள், கண் இருட்டினாலும் மயக்கம், பசித்தாலும் மயக்கம், நினைவே தப்பினாலும் மயக்கம். அதை அப்படியே குறிப்பில் எழுதினால் டாக்டர் எதற்கு மருந்து கொடுப்பார்? எந்த வகை, மற்றதிலிருந்து எதில் வேறுபடுகிறது, எப்படிக் கண்டுகொள்வது, இந்த மூன்றையும் கேட்டுப் பழகுங்கள் என்றேன். தட்டினால் கண் திறக்கிறாரா, பேர் சொல்கிறாரா, எத்தனை நிமிஷம் என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லவைத்தேன். முதல் முறையாக வகுப்பில் மூளைகள் வேலை செய்யும் சத்தம் கேட்டது.

ஜூலை 12, வியாழன்

தலைக்காயம் பாடம். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அடி சின்னதாக இருக்கலாம். வெளியே ரத்தமே வராமல் இருக்கலாம். ஆனால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். தலைவலி, மறதி, அசதித் தூக்கம், ஒரு பக்கக் கைகால் தளர்வு. வயதானவர்களும் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். நேரத்தோடு கண்டுபிடித்தால் முழுக்கக் குணமாகும். தவறவிட்டால் ஆள் போய்விடும். "உதாரணத்துக்கு என்னையே எடுத்துக்கோங்க, நானும் அந்த மாத்திரைதான் சாப்பிடுதேன்" என்றேன்.

பிள்ளைகள் அழகாக எழுதிக்கொண்டார்கள். முப்பிடாதி மட்டும் எழுதாமல் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவனம் சிதறுகிற பிள்ளை.

ஜூலை 14, சனி

குவார்ட்டர்ஸின் திரைச்சீலைகள் எல்லாவற்றையும் துவைத்தேன். இந்தச் சாரலில் துவைத்தது தப்பு, எதுவும் காயவில்லை. சற்றுத் தலைவலி. துவைத்த அலுப்புதான்.

ஜூலை 16, திங்கள்

பெரிய பயிற்சியை இன்று கொடுத்தேன். ஒவ்வொருத்தியும் இந்த வளாகத்தில் யாராவது ஒருவரைத் தேர்ந்துகொண்டு, நாளை முதல் பத்து நாள், அவருக்குத் தெரியாமல் கவனிக்க வேண்டும். பெயர், வேலை, இடம் எதுவும் எழுதக்கூடாது. கண்டது, கேட்டது, அளந்தது, எண்ணியது மட்டும். முப்பதாம் தேதி நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன். கேட்கிறவர்கள், அந்த ஆளைப் பார்க்காமலே, அடுத்து அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல முடிந்தால் குறிப்பு தேறியது.

"ஒண்ணும் செய்ய வேண்டாத ஆளா இருந்தா மேடம்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொல்ல முடியணும். அதுவும் ஒரு முடிவுதான்."

அற்புதமணி படிவத்தின் மாதிரியை அனுப்பியிருந்தாள். பதினாறு கட்டங்கள். அதை மடித்து மேசைக்காலுக்கு அண்டக் கொடுத்தேன்.

ஜூலை 19, வியாழன்

இடது செருப்பின் வார் தொளதொளத்துவிட்டது. வராந்தாவில் கழன்று விழுந்ததைக் கவனிக்காமல் நடந்திருக்கிறேன். பிள்ளைகள் முன்னால் வெட்கமாகப் போய்விட்டது. நாளை புதிது வாங்க வேண்டும்.

ஜூலை 21, சனி

நேற்று வாங்கிய செருப்பும் இடது கால் தொளதொளவென்றுதான் இருக்கிறது. இப்போதெல்லாம் ஒரு ஜோடியில் இரண்டையும் ஒரே அளவில் செய்யத் தெரியவில்லை. கடைக்காரனிடம் போய்க் கேட்க வேண்டும். இன்று அசதியாக இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம். கோயம்புத்தூரிலிருந்து தங்கச்சி கிரேஸ் போன் செய்தாள். "ஏங்கக்கா தூங்கி எந்திரிச்ச மாதிரி பேசுதிய?" என்றாள். லைன் சரியில்லை.

ஜூலை 23, திங்கள்

முப்பிடாதியை என்ன செய்வதென்று தெரியவில்லை. திட்டியதை மனதில் வைத்திருக்கிறாள் போல. நான் எங்கே போனாலும் நாலு தூண் தள்ளி நிற்கிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை, என் காலையே பார்க்கிறாள். கையில் அந்தச் சின்ன நோட்டு. நேற்று சர்ச்சில்கூடப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டில் சர்ச்சுக்குப் போகிற வழக்கமே கிடையாது.

இன்று இடைவேளையில் பக்கத்தில் வந்தாள்.

"மேடம், ஒங்களுக்குத் தலை வலிக்கா?"

"ஒண்ணுமில்ல."

"இல்ல மேடம், நாலஞ்சு நாளா நீங்க சரியில்லாத மாதிரி..."

"மாதிரியா? என்ன சொல்லிக் கொடுத்தேன் நான்? கருத்து சொல்லாத. பாத்தத எழுது. போ."

போய்விட்டாள். கண் கலங்கியதோ என்னவோ. இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் திட்டவே முடியவில்லை.

ஜூலை 25, புதன்

மயக்கம் வரையறை எடுத்தேன். இந்த வகுப்பை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. தலைசுற்றல், கண் இருட்டுதல், நினைவு தப்புதல் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களைப் போல டக்டக்கென்று பதில் சொன்னார்கள். ரெஜினாகூட ஒரு குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. எல்லோரும் அவ்வளவு அமைதி. மூன்றே வாரத்தில் இவ்வளவு தேறிய வகுப்பை நான் பார்த்ததில்லை. அற்புதமணி வந்து பார்த்திருக்க வேண்டும்.

டீ சிந்திவிட்டது. தம்ளர் சூடு.

ஜூலை 26, வியாழன்

பரவாயில்லை. மதியம் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன்.

ஜூலை 26, வியாழன்

இருபத்திரண்டு தாள்களும் வந்துவிட்டன. கட்டாக மேசைமேல் இருக்கின்றன. படிக்க வேண்டும். முப்பிடாதி இரண்டு முறை வந்து "படிச்சிட்டீங்களா மேடம்" என்று கேட்டாள். அவசரக்குடுக்கை. திங்கட்கிழமை வகுப்பில்தான் பிரிப்பேன் என்று சொல்லி அனுப்பினேன். தூக்கம் தூக்கமாக வருகிறது. சாரல் காற்றுதான் காரணம்.

ஜூலை 30, திங்கள்

திருநெல்வேலி. ஸ்கேன் அறை வாசல். அற்புதமணி பக்கத்தில் இருக்கிறாள். முப்பிடாதியின் தாளை இன்னொரு முறை படித்தேன். ஒரு சொல்லை மாற்றுவதற்கில்லை.

ஆகஸ்ட் 11, சனி

இன்றுதான் டாக்டர் எழுத அனுமதித்தார், அதுவும் அரை மணி நேரம். தலையின் வலது பக்கத்தை மழித்து இரண்டு துளை போட்டிருக்கிறார்கள். மூளைக்கு மேலே கட்டியிருந்த பழைய ரத்தத்தை வடித்துவிட்டார்கள். கிரேஸ் வந்து கூடவே இருக்கிறாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு களையெடுக்கப் போகிறவளைப் போல இருக்கிறேன் என்று அவள் சிரிக்கிறாள்.

முப்பதாம் தேதி நடந்ததை நான் எழுதியாக வேண்டும். முழுக்க நினைவில்லை. விட்ட இடங்களை அற்புதமணியும் ரெஜினாவும் சொல்லித்தான் நிரப்புகிறேன்.

அன்று வகுப்பில் தாள்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். வாட்ச்மேனின் இருமலை ஒருத்தி எழுதியிருந்தாள், எத்தனை தடவை, எந்த நேரம், சளி என்ன நிறம் என்று. சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று வகுப்பு சொன்னது. சமையல்கட்டில் ஒரு அம்மாவின் முழங்கால். கேன்டீன் பையனின் சிரங்கு. எல்லாமே எட்டுக்குக் குறையாத தாள்கள். ஆறாவதாக ஒன்றை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். இப்போது அது என்னிடம்தான் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்:

"பெண். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். பதின்மூன்று நாட்களுக்கு முன் இரும்பில் தலை இடித்தது. வலது பக்கம். ரத்தம் வரவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதாக அவரே சொன்னார்.

முதல் நாள். நடக்கும்போது இரண்டு கைகளும் வீசின. பை இடது தோளில்.

மூன்றாம் நாள். இடது செருப்பு இரண்டு முறை கழன்றது. முதல் முறை நின்று மாட்டிக்கொண்டார். இரண்டாம் முறை கழன்றது தெரியாமல் எட்டு அடி நடந்தார்.

ஐந்தாம் நாள். புதுச் செருப்பு. இடது நான்கு முறை கழன்றது. வலது ஒரு முறையும் கழலவில்லை.

ஆறாம் நாள். ஒரு மணி நேரத்தில் நெற்றியின் வலது பக்கத்தை ஒன்பது முறை அழுத்தினார். எழுந்து நிற்கும்போது முன் பெஞ்சைப் பிடித்தார். மற்ற பெண்கள் பிடிக்கவில்லை.

ஏழாம் நாள். பை வலது தோளுக்கு மாறியது. நடக்கும்போது இடது கை வீசவில்லை. தலைவலியா என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். சொல்லும்போது கை நெற்றியில் இருந்தது.

ஒன்பதாம் நாள். பதினாறு நாட்களுக்கு முன் சொன்னதை முதல் முறை சொல்வதுபோல் முழுவதும் மறுபடியும் சொன்னார். இடது கையில் வாங்கிய தம்ளர் சாய்ந்து டீ கொட்டியது. தம்ளர் சூடாக இல்லை. நான் தொட்டுப் பார்த்தேன்.

பத்தாம் நாள். பகல் 2.10 முதல் 2.50 வரை உட்கார்ந்தபடி தூங்கினார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது விழித்தார். இன்று என்ன கிழமை என்று கேட்டார். சொன்னோம். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் கேட்டார்."

வாசித்து முடித்ததும் நான் மேசையைத் தட்டினேன் என்று ரெஜினா சொல்கிறாள். அது எனக்கும் நினைவிருக்கிறது. இருபத்தாறு வருஷம் சொல்லிக்கொடுத்த பாடம் அல்லவா.

"ஏட்டி, இது சின்ன விஷயமில்ல" என்றேனாம். "தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. இடது பக்கம் தளருதுன்னா வலது பக்கம் கட்டியிருக்கு. நாளைக்கின்னு தள்ளக்கூடாது, இன்னிக்கே ஸ்கேன் எடுக்கணும். யாரு இந்தம்மா? எந்த வார்டு?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன், எழுதியவள் பெயர் இல்லை.

"எழுதுனது யாரு?"

முப்பிடாதி எழுந்தாள். "நான்தான் மேடம்."

"இவ்வளவும் பாத்துட்டு பத்து நாளு சும்மாவா இருந்த? யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொன்னேன் மேடம். கருத்து சொல்லாத, பாத்தத எழுதுன்னாங்க."

"எந்த முட்டாள் அப்படிச் சொன்னது?"

இருபத்திரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். முப்பிடாதிக்குக் கண்ணில் நீர் கொட்டியது, குரல் மட்டும் உடையவில்லை.

"மேடம், ஒங்க இடது கால கொஞ்சம் பாருங்க."

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு வாசற்படியில் கிடந்தது. நான் உள்ளே நுழைந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு ரெஜினா வீல்சேரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தது நினைவிருக்கிறது. அதில் உட்கார்ந்தேன், முதுகைச் சாய்த்தேன். அது நாற்காலிதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

ஜூலை மாதப் பக்கங்களைப் புரட்டினேன். சுவரில் நான் ஒட்டிய ஆறு சொற்களில் மூன்றை நானே இங்கே எழுதிவைத்திருக்கிறேன். மீதியை எழுதாததற்குக் காரணம் சோம்பல்தான். ஒரே தேதியை இரண்டு நாளுக்குப் போட்டிருக்கிறேன். செருப்புக்காரனைத் திட்டியிருக்கிறேன், சாரலைத் திட்டியிருக்கிறேன், டீத் தம்ளரைத் திட்டியிருக்கிறேன், தொலைபேசி லைனையும் விடவில்லை. எல்லாவற்றையும்விட, ஒரு பாடத்தை இரண்டாவது முறை எடுத்துவிட்டு, பிள்ளைகள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் பயத்தோடு பதில் சொன்னதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். படிக்கும்போது வெட்கத்தில் காது சூடானது. எந்த மாணவியாவது இப்படி ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்திருந்தால் நான் இரண்டு மார்க்குக்கு மேல் போட்டிருக்க மாட்டேன்.

இன்று மாலை அற்புதமணி வந்தாள். ஆரஞ்சுப் பழமும் ஒரு கட்டுக் காகிதமும் கொண்டுவந்தாள். அச்சடித்துவிட்ட படிவங்கள்.

"ஒண்ணு நிரப்பிப் பாத்தேங்கக்கா. ஜூலை இருபத்தாறாந் தேதிக்கு, நீங்கதான் நோயாளின்னு வச்சிக்கிட்டு. தூக்கம், ஆம். சாப்பாடு, ஆம். காய்ச்சல், இல்லை. வலி இருக்கான்னா நீங்கதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டிய, அதுனால இல்லை. பதினாறு கட்டத்துலயும் நீங்க நல்லா இருக்கீங்கக்கா."

அவள் ஆரஞ்சை உரித்துச் சுளையைக் கையில் கொடுத்தாள். இடது கையில் வாங்கினேன். விழவில்லை.

"ஒங்கள ஆபரேஷன் பண்ணின டாக்டர் அந்தத் தாள ரெண்டு தரம் படிச்சாரு" என்றாள். "இத எழுதுன டாக்டர் யாருன்னு கேட்டாரு. டாக்டர் இல்ல சார், எங்க ரெண்டாம் வருஷப் பிள்ளைன்னேன். இன்னும் ஒரு வாரம் போயிருந்தா வெறும் துளையோட முடிஞ்சிருக்காதுன்னாரு. கேஸ் ஷீட்லயே அதச் சேத்துத் தச்சிட்டாரு. மூலத் தாளக் கொடுக்கல நான், அது ஒங்களுக்கு. திங்கக்கிழமையும் நீங்க படிக்கலன்னா எங்கிட்ட கொண்டாறதுக்குன்னு அந்தப் பிள்ள இன்னொரு காப்பி எழுதி வச்சிருந்தா, அதக் கொடுத்தேன்."

காப்பி எடுத்து வைத்திருக்கிறாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகத் தோன்றியிருக்கிறது. அந்த இடத்தில் எனக்கு வந்த பெருமையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நெஞ்சு விரிந்தது என்றெல்லாம் எழுதினால் அது குறிப்பு ஆகாது. கண்ணில் நீர் வந்தது, மூன்று நிமிஷம் பேச்சு வரவில்லை, அற்புதமணி கையைப் பிடித்துக்கொண்டாள். இது குறிப்பு.

"படிவத்த என்ன செய்யப் போற?" என்று கேட்டேன்.

"பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கு. பிள்ளேள் எழுதிப் பழகட்டும்."

தலையணைக்கு அடியிலிருந்து அவளுடைய பழைய குறிப்பை எடுத்துக் கொடுத்தேன். கிரேஸிடம் சொல்லி வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தேன். "நோயாளி ஒரு மாதிரி இருக்கிறார்." படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்துவிட்டார். எத்தனை மார்க் போட்டீங்கக்கா என்று கேட்டாள். ஒன்று என்றேன்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். முப்பிடாதியும் ரெஜினாவும் பஸ் பிடித்துப் பார்க்க வந்தார்கள். ரெஜினா வந்த வேகத்தில் வார்டிலிருந்த எல்லோருடைய ஊர் பேரும் தெரிந்துகொண்டாள். முப்பிடாதி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். வழக்கத்தை விடவில்லை, என் காலைத்தான் பார்த்தாள்.

"நட பாக்கலாம்னு சொல்லேன். எதுக்கு ஒளிஞ்சு பாக்க?" என்றேன்.

சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது இதுவே முதல் தடவை. முன்பல் ஒன்று லேசாகக் கோணியிருக்கிறது. வராந்தாவின் கடைசிவரை நடந்து திரும்பினேன். முப்பத்திரண்டு அடி. செருப்பு கழலவில்லை. இரண்டு கையும் வீசியதா என்று கேட்டேன். வீசிச்சு மேடம், இடது கொஞ்சம் கம்மி என்றாள்.

"கொஞ்சம்னா?"

"வலது கை இடுப்பத் தாண்டி ஒரு சாண் போகுது மேடம். இடது நாலு விரல்."

இதற்குமேல் நான் என்ன சொல்லிக்கொடுக்க.

"காலிக் கட்டில் தூங்குனதா எழுதுனவதான நீ" என்றேன். "அன்னிக்கு உன்ன எல்லார் முன்னாலயும் திட்டினேன். அதுவும் சரிதான், அதுல மாத்தமில்ல. ஆனா நீ ஒரு வார்த்த சொல்ல வந்தப்ப உன் வாய அடச்சேன் பாரு, அது தப்பு. எம்மேல கோவம் இல்லியா?"

"இருந்துச்சி மேடம். அதான் ஒங்களையே எடுத்தேன். மேடம் நடக்கது, பேசுதது எல்லாத்துலயும் ஏதாவது தப்பு கண்டுபிடிச்சி எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன்." நிறுத்தி, பிறகு சொன்னாள். "ரெண்டு நாளு ஒரு தப்பும் கெடைக்கல. மூணாவது நாளு செருப்பு கழண்டுச்சி. அதுக்கப்புறம் கோவமா எழுத முடியல."



தாளைக் கொண்டுவரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டேன். அன்று வாசித்த தாள்களில் இன்னும் நான் மார்க் போடாதது இது ஒன்றுதான். ரெஜினா சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள், கொண்டுவந்திருக்கிறாள், எவ்வளவு திட்டம் பாருங்கள். முதலில் ஆசிரியராகப் படித்தேன். குறை தேடினேன். கிடைக்கவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நோயாளியாகப் படித்தேன்.

மூலையில் இரண்டு வரியாக எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன்:

ஆசிரியர் போட்டது, ஒன்பது.
நோயாளி போட்டது, ஒன்று.